நரகக் காட்சியும் நரக யாத்திரையும்

கி.பி. 1304-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள். இத்தாலி தேயத்துப் பிளாரென்சு நகர மக்கள் வேனிற்பருவத்தின் வரவைக் கொண்டாடும் திருநாள் அஃது. ஆர்னோ ஆற்றின் தென்கரையில் வாழ்ந்த சான் பிரெதியானோ பகுதியார், மறுமையுலகத்துச் செய்தி அறிய விரும்புவோர் யாவரும் அன்று கர்ராயா என்னும் பாலத்தினும் ஆற்றங்கரையினும் வந்து கூடுமாறு முன்னரே நகரெங்கும் அறிவித்திருந்தனர். ஆற்றில் ஓடங்களை நிறுத்தி, அவற்றின்மேற் பரண் அமைத்து, நரகத்தின் தோற்றத்தை அவர்கள் நடித்துக் காட்டினர். தீ எரிந்தது, பேய்வேடம் பூண்டோர் பாவிகளாக நடித்தோரைப் பற்றி வருத்தினர், அலறலும் ஓலமும் எங்கும் எழுந்தன. அக்காலத்தில் அப்பாலம் மரத்தால் ஆயது. காட்சி காணும் வேட்கையால் அதன்மேல் நெருங்கி நின்ற மக்களின் சுமையைத் தாங்கமாட்டாது அது பல விடங்களில் முறிந்து வீழ்ந்தது. ஆற்றில் மூழ்கி இறந்தோர் பலர், உறுப்பிழந்தோர் பலர். இதனைத் தம் நாட்டு வரலாற்றில் எழுதிவைத்த ஜியொவான்னி வில்லானி என்பார், மறுமைச் செய்தி அறியச் சென்றோருட் பலர் அதனை நேரே சென்று அறிந்துகொண்டனர் என்னுங் கருத்துப்பட ஒரு சொற் சொல்லி அப்பாற் செல்கின்றார்.

இந்நிகழ்ச்சி ஒரு தற்செயற் கேடேயாயினும், இடைக்கால இத்தாலியர் நரகத்தை எங்ஙனம் நோக்கினர் என்பதனை இனிது புலப்படுத்துகின்றது. அவர்க்கு நரகம் கரையில் நின்று காணும் ஒரு காட்சி. வருந்துவோன் பிறன்; காண்போன் தான். அக்காட்சியில் அச்சம் உண்டு. அச்சத்தோடு கலந்த ஒருவகை இன்பமும் உண்டு. கோயிற் சுவர்களிலும் துறவியர் அறவுரைகளிலும் தெருக்கூத்திலும் அஃது இவ்வாறே காட்டப்பெற்று வந்தது. பிளாரென்சிற் பிறந்து, அந்நாளில் அந்நகரினின்றும் துரத்தப்பட்டுப் பிற ஊர்களில் அலைந்து திரிந்த புலவர் ஒருவர், சில ஆண்டுகட்குப் பின்னர் இந்நோக்கினை அடியோடு மாற்றினார். நரகத்தைக் காட்சியாக வையாது வழியாக வைத்தவர் அவர். காண்போனைக் கரையில் நிற்கவிடாது உள்ளே இறக்கி நடத்தினார். அம்மாற்றம் யாது என்பதும், பின்வந்த ஓவியர் அதனை எவ்வளவிற் போற்றினர், எவ்வளவிற் கைவிட்டனர் என்பதும் ஈண்டு ஆராயற்பாலன.

தாந்தேக்கு முன்னரே நரகங் கண்டு மீண்டோர் கதைகள் ஐரோப்பாவிற் பலவாக வழங்கின. பவுலடியார் பெயரால் வழங்கிய காட்சிநூல் மிகப் பழையவற்றுள் ஒன்று. 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் மார்க்கஸ் என்னும் அயர்லாந்துத் துறவி, செருமனி தேயத்து ரேகன்ஸ்புர்க்கு நகரில் இருந்து எழுதிய துண்டேல் என்னும் வீரனின் கதை பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டுப் பரவியது. துண்டேலின் உயிர் அங்குச் சில தண்டங்களைத் தானே நுகர்ந்தது என்பதும் உண்மை. ஆயினும் அந்நூலின் ஆற்றலெல்லாம் தண்டங்களின் வியத்தகு கொடுமையிலேயே அடங்கியது. வட இத்தாலியில் வெரோனா நகரத்து ஜியாகொமினோ என்னும் துறவி 13-ஆம் நூற்றாண்டில் நரகநகரைப் பற்றி ஒரு பாட்டு இயற்றினார். அதன்கண் பாவியொருவன், பன்றியைச் சுடுமாறுபோல இருப்புக்கோலிற் கோத்துச் சுடப்பட்டு, புகைக்கரியும் பித்தும் நஞ்சுங் கூட்டிய குழம்பு பூசப்பெற்று, நரகத்தரசனுக்கு விருந்தாக அனுப்பப்படுகின்றான். அரசனோ, ஊன் இன்னும் வேகவில்லை எனச் சினந்து திருப்பி அனுப்பிவிடுகின்றான்! இதனைக் கேட்டோர் நடுங்கினரோ, நகைத்தனரோ? இரண்டுஞ் செய்தனர் என்றே கொள்ளல் வேண்டும்.

இசுலாமியரிடையே வழங்கிய நபிகளாரின் விண்ணேற்றக் கதைகளும் தாந்தேயின் நூலுக்கு ஊற்றாயின என 1919-இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் மிகெல் அசீன் பலாசியோஸ் எழுதினார். அத்தகைய கதையொன்று 13-ஆம் நூற்றாண்டிலேயே காஸ்டில் மன்னன் அவையில் மேனாட்டு மொழிகளிற் பெயர்க்கப்பட்டிருந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஊற்று எதுவாயினும் ஆறு தாந்தேயினுடையதே. அவர் தாமே வெளிப்படையாகத் தம் ஆசான் என ஏற்றுக்கொண்டவர் பழைய ரோமப் பெரும்புலவர் வெர்ஜில். அவர் பாடிய ஈனியட் என்னும் காப்பியத்தின் ஆறாம் பகுதியில் ஈனியஸ் மறுமையுலகஞ் செல்கின்றான். ஆனால், பாவிகள் தண்டம் நுகரும் இடத்தினுள் அவன் புகவில்லை. மதிற்புறத்தே நின்று, உள்ளே நிகழ்வனவற்றைத் துணைவந்த முதியாள் சொல்லக் கேட்டு அப்பாற் போயினான். தூயோன் அவ்வாயிலைக் கடத்தல் ஆகாது என்பது அந்நூலின் கொள்கை. அவ்வெர்ஜிலையே வழிகாட்டியாகக் கொண்டு அவ்வாயிலைக் கடந்து சென்றது தாந்தேயின் புதுமை.

சிறுவனாயிருந்த தாந்தே தம் கண்ணாற் கண்ட நரகம் யாதென ஆராயின், அது பிளாரென்சு நகரத்து ஞானஸ்நானக் கோயிலின் விதானத்தில் உள்ளதேயாம். 13-ஆம் நூற்றாண்டிற் பளிங்குச் சில்லுகளைப் பதித்து இயற்றிய அவ்வோவியத்தின் நரகப்பகுதி கொப்போ தி மார்கொவால்தோ என்பார் கைவண்ணம் என்பர். கொம்புடைய சாத்தான் நடுவில் அமர்ந்து ஒருவனை விழுங்குகின்றான். அவன் செவிகளினின்றும் புறப்படும் பாம்புகளும் தத்தம் வாயில் ஒவ்வொருவனைக் கவ்வியுள்ளன. அக்கோயிலிலேதான் தாந்தே திருமுழுக்குப் பெற்றார். அங்கே கல்லிற் குடைந்த குழியொன்றில் அகப்பட்டு மூச்சடைத்தோர் உயிரைக் காத்தற்பொருட்டுத் தாம் அதனை உடைக்க நேர்ந்ததெனத் தம் நூலிலேயே குறித்துள்ளார். அக்குறிப்பு வருமிடம் வியப்புக்குரியது. திருச்சபைப் பதவிகளைப் பொருளுக்கு விற்ற போப்பாண்டவர்கள், தலைகீழாகக் குழிகளிற் புதையுண்டு, உள்ளங்கால்களில் தீப்பற்றி எரிய வருந்தும் பத்தொன்பதாம் படலம் அது. அந்நரகக் குழிகள் தம் ஊர்க் கோயிலின் குழிகளை ஒத்தன என்கின்றார் புலவர்! திருமுழுக்கு நீர் சொரியும் இடத்தையும் தண்டத் தீ எரியும் இடத்தையும் ஒரே அளவினவாகக் கண்ட அத்துணிவு, முன்னோர் எவரிடத்தும் காணப்படாதது.

பாதுவா நகரில் ஜோத்தோ தீட்டிய நரகம் மற்றொன்று. என்ரிகோ ஸ்க்ரோவெஞ்ஞி என்னும் பெருஞ்செல்வர் கட்டிய சிறுகோயில் 1305-இல் திருநிலைப்படுத்தப் பெற்றது; அதன் சுவர்களனைத்தையும் ஜோத்தோ ஓவியமாக்கினார். மேற்குச் சுவரில் இறுதித் தீர்ப்புத் தீட்டப்பட்டுள்ளது. இயேசுவின் அரியணையினின்றும் புறப்படும் தீயாறுகள் பாவிகளை நரகத்தில் வாரி எறிகின்றன. கடுவட்டி வாங்கினோர் தம் பணப்பையின் கயிற்றாலேயே தூக்கிலிடப்பட்டுத் தொங்குகின்றனர். எதிர்ப்புறத்தில் என்ரிகோ மண்டியிட்டுக் கோயிலின் சிற்றுருவைத் தேவமாதாவுக்குக் காணிக்கையாக நீட்டுகின்றார். தந்தையார் ரெஜினால்தோ வட்டித்தொழிலால் ஈட்டிய பழிக்குக் கழுவாயாகவே மகன் இக்கோயிலை எடுத்தார் என நெடுங்காலமாகச் சொல்லப்படுகின்றது. அக்கழுவாய் தாந்தேயின் முன் செல்லவில்லை. நரக காண்டத்துப் பதினேழாம் படலத்தில், எரிமணலில் அமர்ந்து தீமழையில் நனையும் வட்டிக்காரரிடையே, வெண்பையின்மேல் நீலநிறச் சூற்பன்றி பொறித்த ஒருவனை அவர் காண்கின்றார். அது ஸ்க்ரோவெஞ்ஞி குடியின் இலச்சினை. அவ்விடத்துத் தாந்தே ஒருவரையும் முகங்கண்டு அறிந்தாரல்லர். கழுத்திற் றொங்கிய பைகளைக் கொண்டே அறிந்தார். பொருளையே தம் முகமாகக் கொண்டோர்க்கு வேறு முகம் எஞ்சவில்லை போலும்.

இனி, நூலைப் பாடிய சூழ்நிலையைச் சிறிது நோக்குவாம். தாந்தே அலிகியேரி 1265-இல் பிறந்தவர். 1300-இல் நகராட்சித் தலைவர் அறுவருள் ஒருவராக இரண்டு திங்கள் அமர்ந்தார். கட்சிப் பூசலில் அவர் பக்கத்தார் தோற்கவே, 1302 சனவரியில் அவர்மீது பொருட்குற்றஞ் சாட்டித் தண்டமும் நாடுகடத்தலும் விதித்தனர். மார்ச்சில், அகப்படின் தீயிலிட்டுக் கொல்லுக எனத் தீர்ப்பெழுதினர். மீண்டும் ஊர் காணாமலே 1321-இல் ராவென்னா நகரில் அவர் உயிர் நீத்தார். அத்தீர்ப்பினைப் பிளாரென்சு நகர அவையினர் தள்ளுபடி செய்தது 2008-ஆம் ஆண்டிலே என்பதும் அறியத்தக்கது. தம்மைத் தீயிலிடத் துணிந்த ஊராரை அவர் தம் பாட்டிலே தீயிலிட்டார். எனவே, அந்நூல் பகை தீர்க்கும் கருவியன்றி வேறன்று என்பாரும் உளர். அக்கூற்றில் உண்மை சிறிதும் இன்றெனல் ஆகாது. ஆயின், தமக்கு எழுத்தறிவும் புகழ்நெறியும் காட்டிய புரூநெத்தோ லத்தீனி என்னும் பெரியாரையும் அவர் அந்நரகத்திலேயே வைத்தார். வைத்துத் தலைவணங்கி அவரோடு நடந்தார். பகைக்கட்சித் தலைவன் பரினாத்தாவையோ, நரகத்தையே இகழ்ந்து நோக்குவான்போல நிமிர்ந்து நிற்கும் பெருமிதத்தோடு படைத்தார். பகை தீர்ப்பார் செய்யுந் தொழில் இதுவன்று.

அவர் நூலுக்கு இட்ட பெயர் கொம்மேதியா என்பதே. தெய்விகம் என்னும் அடைமொழி 1555-இல் வெனிசு நகரப் பதிப்பில் முதன்முதல் அதன் முகப்பில் ஏறியது. மூன்று காண்டம், நூறு படலம், 14,233 அடிகளால் ஆயது அந்நூல். நரக காண்டத்திற்கு 34 படலங்கள். கதை நிகழ்வது 1300-ஆம் ஆண்டின் பெரிய வெள்ளிக்கிழமையை ஒட்டி. அப்போது தாந்தேக்கு வயது முப்பத்தைந்து. இருண்ட காட்டில் வழிதவறிய அவர், கதிரொளி படிந்த குன்றொன்றைக் கண்டு அதன்மேல் ஏற முயல்கின்றார். மூன்று விலங்குகள் மறித்துத் துரத்துகின்றன. அந்நிலையில் வெர்ஜிலின் உயிர் தோன்றி, அக்குன்றுக்குச் செல்லும் வழி அதுவன்று, வேறு வழியே செல்லல் வேண்டும் என்கின்றது. இத்தொடக்கத்திலேயே நூலின் உயிர்நிலை உளது. ஏற விரும்பினார்க்கு ஏறும் வழி மறுக்கப்பட்டு இறங்கும் வழி கொடுக்கப்படுகின்றது. அவர் பார்வையாளராக அழைக்கப்பட்டாரல்லர். நோயாளியாகவே அழைத்துச் செல்லப்பட்டார்.

எருசலேம் நகரின் கீழ் நிலத்தைக் குடைந்து, போகப்போகக் குறுகி, பூமியின் நடுவரை செல்லும் ஒன்பது சுற்றுக்களாக அந்நரகம் அமைந்துள்ளது. மேற்சுற்றுக்களில் காமம், பெருந்தீனி, பொருளாசை, வெகுளி முதலியவற்றில் தம்மை அடக்கமாட்டாதோர். அவற்றின்கீழ் வன்செயல் புரிந்தோர். அதனினுங் கீழே வஞ்சித்தோர். அடித்தலத்தில் நம்பினோரைக் காட்டிக்கொடுத்தோர். அரிஸ்டாட்டிலின் அறநூலைத் தழுவிய இப்பகுப்பினைப் பதினோராம் படலத்தில் வெர்ஜில் விரித்துரைக்கின்றார். ஆசையின் வழிப்பட்டுத் தவறினோனினும், அறிவைக் கருவியாக்கித் தீங்கிழைத்தோன் கீழானவன் என்பது கருத்து. அடித்தலத்தில் தீயைக் காணலாம் என எதிர்பார்த்துச் செல்வோன் ஏமாறுவான், ஆங்குள்ளது பனிக்கட்டி. அதனுள் மார்பளவு உறைந்து நிற்கும் லூசிபர் மூன்று முகத்தோடு, யூதாஸ், புரூட்டஸ், காசியஸ் என்னும் மூவரையும் மென்றுகொண்டிருக்கின்றான். அவன் ஆறு சிறகுகளையும் ஓயாது அடித்தலால் எழும் காற்றே அந்நீரை உறையச் செய்வது. ஞானஸ்நானக் கோயிலின் சாத்தானைப்போல் அவன் ஆங்கு அரசு வீற்றிருக்கவில்லை. கண்ணீர் வடிய, ஒரு சொல்லும் சொல்லாது, தன் அசைவினாலேயே தன்னைச் சிறைப்படுத்திக்கொண்டு நிற்கின்றான்.

இதனோடு ஒத்ததே ஒவ்வொரு தண்டமும். இருபத்தெட்டாம் படலத்தில் பெர்த்ரான் தெ போர்ன் என்னும் பிரபு, அறுபட்ட தன் தலையைக் கைவிளக்குப்போல் தூக்கி நடக்கின்றான். இங்கிலாந்து மன்னனையும் அவன் மகனையும் பிரித்துவிட்ட தன் செயலுக்கு ஏற்ப, தலையும் உடலும் பிரிந்த நிலை தனக்கு வாய்த்ததென்கின்றான். செயலுக்கு எதிர்நின்று வரும் இப்பயனுக்கு அவன் வாயிலாகவே கொந்த்ரபாஸோ என்னும் பெயரைப் புலவர் தருகின்றார். எதிர்காலங் கூறித் திரிந்தோர் முகம் முதுகுப்புறந் திரும்பப் பின்னோக்கி நடக்கின்றனர். காமவேகத்திற்குத் தம்மை ஒப்புவித்தோரை ஓயாத சூறைக்காற்று அலைக்கின்றது. நன்மைக்குந் தீமைக்கும் சேராது ஒதுங்கி நின்றோர், பொருளற்ற கொடியொன்றின் பின்னே குளவி கொட்ட ஓடிக்கொண்டே யிருக்கின்றனர். வெரோனாத் துறவியின் பாட்டிற் பாவியைச் சுட்டது புறத்துத் தீ. ஈண்டு அத்தகைய புறத்தீ வேண்டப்படவில்லை. அவரவர் செய்கையே, மேற்போர்த்திய இனிமை நீங்கித் தன் மெய்யுருவோடு அவரவரைச் சூழ்ந்துகொண்டது. பழைய நரகத்தில் பாவி தண்டிக்கப்பட்டான். தாந்தேயின் நரகத்தில் அவன் தான் விரும்பியதைப் பெற்றான் என்று சொல்லினும் இழுக்காது.

அன்றியும், அந்நரகம் வேற்றுலகமாகத் தோன்றாதபடி புலவர் அதனை இத்தாலியின் மண்ணாலேயே கட்டியுள்ளார். கூட்டிக்கொடுத்தோரும் பெண்டிரை மயக்கிக் கைவிட்டோரும் எதிரெதிர் வரிசையாகச் செல்லுதல், 1300-ஆம் ஆண்டுப் பெருவிழாவில் ரோமாபுரிப் பாலத்தின்மேல் யாத்திரிகர் இருபாலாகப் பிரிக்கப்பட்டுச் சென்றதனோடு உவமிக்கப்படுகின்றது. கையூட்டு வாங்கினோர் மூழ்கும் கொதிகீல், வெனிசு நகரக் கப்பற்றுறையில் மாரிக்காலத்து மரக்கலங்கட்குப் பூசக் காய்ச்சுங் கீலினை ஒக்கும் என்கின்றார். ஒன்பதாம் அகழியின் சுற்றளவு 22 மைல் என்றும், பத்தாம் அகழியினது 11 மைல் என்றும் அளவுங் கூறுகின்றார். படிப்போன் அவ்விடங்களை நேற்றுக் கடந்து வந்தவன், நாளையுங் கடப்பவன். ஆதலின் அவன் விலகி நிற்றற்கு இடமில்லை.

எனினும், தாந்தேயின் புதுமை முழுவதும் நரகத்தின் அமைப்பில் இல்லை. அதனூடு நடப்பவனிடத்திலேயே உளது. நடப்பவன் ஒவ்வொரு சுற்றிலும் தானே சோதிக்கப்படுகின்றான். காமச்சுற்றில் பிரான்செஸ்கா என்னும் நங்கை, தானும் பாவோலோவும் ஒரு காதற்கதையைச் சேர்ந்து படித்திருந்தபோது நெறி பிறழ்ந்த வரலாற்றைச் சொல்லுகின்றாள். அவள் சொல்லும் மொழி, தாந்தே இளமையிற் காதற்பாட்டுக்களிற் கையாண்ட மொழியே. கேட்டு முடித்தவுடன் அவர் பிணம்போல் வீழ்ந்து மயங்குகின்றார். அஃது இரக்கத்தால் மட்டும் விளைந்த மயக்கமன்று. எழுதுகோல் பிடித்த தம் கையை அவளது வீழ்ச்சியில் அவர் கண்டிருத்தல் வேண்டும். யுலிசஸ் தீக்கொழுந்தாய் எரியும் அகழியை அவர் பாலத்தினின்றும் எட்டி நோக்குகின்றார். பாறையைப் பற்றியிராவிடின் தள்ளுவார் இன்றியே வீழ்ந்திருப்பார். எல்லை கடந்து அறியப் புகுந்து கடலில் மூழ்கினவன் யுலிசஸ். உயிரோடு மறுமையுலகை அறியப் புகுந்த தாந்தே அவனுக்கு எவ்வளவு அணியர் என்பதனை அவ்வொரு சிறு செய்தி உணர்த்திவிடுகின்றது. முகந்திரும்பியோரைக் கண்டு அவர் அழுதபோது வெர்ஜில் கடிந்துகொள்கின்றார். பனிக்கட்டியின்மேற் செல்லுங்கால், 1260-இல் மொந்தபெர்த்தி போர்க்களத்தில் ஊரைக் காட்டிக்கொடுத்த போக்கா என்பான் தலைமயிரைப் பற்றி இழுத்துப் பறிக்கின்றார். இரக்கத்தாற் றொடங்கியவர் கொடுமையில் வந்து நிற்கின்றார். இது தேர்ச்சியோ, நரகத்தின் குளிர் அவர்மேலும் ஏறியதோ என அறிஞர் இன்றும் வழக்கிடுவர். இரண்டும் கலந்திருத்தல் கூடும் என்பதே நூலின் போக்கிற்குப் பொருந்துவது.

இவற்றுள் எல்லாம் தலையாயது முப்பதாம் படலத்து நிகழ்ச்சி. பொய்ப்பொன் நாணயம் அடித்த ஆதாமோ என்னும் கம்மியன் மகோதரத்தால் வயிறு வீங்கிக் கிடக்கின்றான். திராய் நகரை வஞ்சித்த கிரேக்கன் சினோன் காய்ச்சலால் ஆவி பறக்க அவன் அருகே கிடக்கின்றான். இருவரும் ஒருவரையொருவர் அடித்தும், பழித்தும், பழிக்குப் பழி சொல்லியும் வசைப்போர் நிகழ்த்துகின்றனர். படிக்குங்கால் நகைப்புண்டாகும், கூத்தாடிகளின் வசைபோலச் சுவையாகவே அதனைப் புலவர் அமைத்துள்ளார். தாந்தே தம்மை மறந்து செவி சாய்த்து நிற்கின்றார். அப்போது வெர்ஜில், இன்னுஞ் சிறிது நின்றால் தாம் அவரோடு பிணங்கவேண்டி வரும் என வெகுண்டுரைக்கின்றார். தாந்தே நாணத்தால் நாவெழாது நிற்கின்றார். அந்நாணமே போதுமான கழுவாய் என ஆசான் தேற்றி, இத்தகையவற்றைக் கேட்க விரும்புதலே இழிந்த விருப்பம் என அறிவுறுத்துகின்றார். ஈண்டுக் கடியப்பட்டவர் தாந்தே மட்டுமல்லர். அவரோடு சேர்ந்து நகைத்துப் படித்த நாமும் கடியப்பட்டோம். கர்ராயா பாலத்தில் நெருங்கி நின்ற கூட்டமும் கடியப்பட்டது. பிறர் துன்பத்தைக் காட்சியாக்கி நுகரும் விருப்பத்தை நரகத்தினுள்ளேயே நரகத்திற்குரிய குற்றங்களுள் ஒன்றாக்கிக் காட்டிய இடம் இதுபோல் வேறு காண்டல் அரிது.

இத்தகைய நூல் ஓவியர் கையில் எந்நிலை எய்திற்று? பைசா நகரத்துக் கல்லறை மண்டபத்தின் சுவரில், தாந்தே இறந்து இருபதாண்டிற்குள், பூனமிகோ பபல்மாக்கோ என்பார் நரகத்தைத் தீட்டினார் எனக் கொள்வர். நடுவே மாபெருஞ் சாத்தான். சுற்றிலும் பாறைகளாற் பகுத்த குற்ற அறைகள். காட்சி பழைய காட்சியே. 1944 சூலை 27-இல் போர்க்குண்டு பட்டு மண்டபத்தின் ஈயக்கூரை தீப்பற்றி உருகி அவ்வோவியங்களின்மேல் ஒழுகிற்று. பின்னர் அவை சுவரினின்றும் உரித்தெடுக்கப்பட்டு, நெடுங்காலச் செப்பனீட்டின் பின்பு மீண்டும் அங்கேயே அமைக்கப்பட்டன. அவற்றுட் சாவின் வெற்றி என்னும் பேரோவியம் தன் இடஞ் சேர்ந்தது 2018-இல்.

பிளாரென்சில் தொமினிக்கத் துறவியர்க்குரிய சாந்தா மரியா நோவெல்லா கோயிலின் வரலாறு இன்னுஞ் சுவையுடையது. 1335-இல் அச்சபையார் கூடி, இளந்துறவியர் தாந்தேயின் தாய்மொழி நூல்களைப் படித்தலாகாது எனத் தடை விதித்தனர். ஏறத்தாழ இருபதாண்டு கழித்து, அக்கோயிலிலேயே ஸ்த்ரொத்சி குடியினரின் வழிபாட்டறையில் நார்தோ தி சியோனே என்னும் ஓவியர் ஒரு சுவர் முழுதும் நரகத்தைத் தீட்டினார். அது தாந்தே சொன்ன முறையே சுற்றுச் சுற்றாகவும் அகழி அகழியாகவும் அமைந்த நரகம்! ஏட்டிற் படிக்கத் தடுக்கப்பட்டது சுவரில் எழுந்து நின்று எல்லாரையும் நோக்கிற்று. ஆயினும், நார்தோ கொண்டது நூலின் வரைபடத்தையே. ஒன்பது சுற்றையும் ஒருங்கே மேலிருந்து கீழாக நோக்குமாறு அவர் அமைத்தமையால், படிப்படியாக இறங்கி, ஒவ்வொன்றையும் சந்தித்து, மாறிச் செல்லும் நடை அச்சுவரில் இடம்பெறவில்லை. எல்லாம் ஒரே நோக்கிற் றெரியுமாயின் நடப்பதற்கு என்ன வேலை?

வரைபடத்தின்மேல் எழுந்த இவ்வார்வம் பின்னும் வளர்ந்தது. அந்தோனியோ மனெத்தி 15-ஆம் நூற்றாண்டில் நரகத்தின் அளவுகளைக் கணக்கிட்டார். 1588-இல் இளைஞராயிருந்த கலிலியோ பிளாரென்சுக் கழகத்தார் முன் இரண்டு சொற்பொழிவாற்றி, மனெத்தியின் கணக்கே சரியென நிறுவி, லூசிபரின் உயரம் ஏறக்குறைய 2,000 முழம் என முடிவு கட்டினார். நூலாசிரியரே ஆங்காங்கு அளவு தந்துள்ளாராதலின் இது வீண்முயற்சியன்று. எனினும் நரகத்தை அளந்தவர் எவரும் அதன்கண் நாணியதாகத் தெரியவில்லை. இதற்கு நேர்மாறாக, 1373-இல் நகராட்சியார் வேண்டுகோளால் கோயிலொன்றில் இந்நூலுக்குப் பொதுமக்கள் முன் உரை கூறத் தொடங்கிய பொக்காச்சியோ, சொல்லுக்குச் சொல் நின்று, உவமைக்கு உவமை விளக்கி, மெல்ல நடந்தார். உயர்ந்த நூலைக் கல்லாதார் முன் விரித்தார் எனச் சிலர் அவரைப் பழித்தனர். நோயினால் 1374-இல் அவ்வுரை நின்றுபோயிற்று; நின்ற இடம் பதினேழாம் படலத்தின் தொடக்கம். பணப்பை தொங்கிய வட்டிக்காரரைப் பற்றி, வணிகர் நிறைந்த அந்நகரில் அவர் என்ன சொல்லியிருப்பாரோ!

மைக்கலாஞ்செலோ 1541-இல் முடித்த இறுதித் தீர்ப்பில் துடுப்பால் பாவிகளை அடிக்கும் படகோட்டி காரோனும், பாம்புச் சுற்றோடு நிற்கும் மினோஸும் தாந்தேயிடமிருந்து வந்தவர்களே. அவ்வோவியத்தின் பெருமை வேறு. யாத்திரை அதன் பொருளன்று. யாத்திரையை ஓவியத்தில் மீட்டுத் தந்தவர் சாந்த்ரோ போத்திச்செல்லி. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில், மெதிச்சி குடியைச் சேர்ந்த லொரென்சோ தி பியெர்பிரான்செஸ்கோ என்பார்பொருட்டு, படலத்திற்கு ஒரு தோல்தாளாக நூல் முழுமைக்கும் அவர் வரையத் தொடங்கினார். எஞ்சியவை 92, பெர்லினிலும் வத்திக்கானிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. சிலவே வண்ணம் பெற்றன. ஏனையவை கோட்டோடு நின்றுவிட்டன. இவ்வேலையிற் காலத்தைப் போக்கிப் பிற தொழிலை விட்டமையால் அவர் வாழ்வு சீர்குலைந்தது என வசாரி என்னும் வரலாற்றாசிரியர் குறைகூறுகின்றார். அவரும் முதற்கண் ஒரு வரைபடம் வரைந்தவரே. மேலிருந்து அடிவரை வண்ணந்தீட்டிய அப்புனல் வடிவம் நார்தோவின் சுவரினும் நுண்ணியது. ஆனால் அதனோடு அவர் நின்றாரல்லர். அடுத்த தாள்களில் தாந்தேயும் வெர்ஜிலும் ஒரே தாளிலேயே பல முறை தோன்றுகின்றனர்: ஒரு மூலையில் வந்து நுழைகின்றனர், நடுவில் நின்று வினவுகின்றனர், தாந்தே அஞ்சி ஒதுங்குகின்றார், ஆசான் கைபிடிக்கின்றார், மறுமூலையில் இறங்கி மறைகின்றனர். பாவிகளின் கூட்டத்தை மட்டும் நோக்கி அமைய முயலும் கண்ணை, அவ்விரண்டு சிறு உருவங்களும் விடாது பற்றித் தம்மோடு இழுத்துச் செல்கின்றன.

நரக காண்டத்தின் ஈற்றுப் படலத்திற்கு அவர் இரண்டு தாளளவு இடம் எடுத்துக்கொண்டு லூசிபரை முழுவுருவமாக வரைந்தார். நூலில், வெர்ஜில் தாந்தேயைச் சுமந்து அவன் உடல்மயிரைப் பற்றி இறங்குகின்றார். அவன் இடுப்பருகே, பூமியின் நடுவில், பெருமுயற்சியோடு தலையிருந்த இடத்திற் கால் வரத் திரும்புகின்றார். மீண்டும் நரகத்துக்கே செல்கின்றோமோ எனத் தாந்தே மயங்கி, கண்விழித்து நோக்குங்கால், லூசிபரின் கால்கள் மேல்நோக்கி நிற்கின்றன. இறங்கி வந்த திசை மாறவில்லை. அதுவே ஏறும் திசையாயிற்று. அத்தாளில், மயிரடர்ந்த அப்பேருடலின்மேல் எறும்பு ஊர்வதுபோல் அவ்விருவரும் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றனர். நடுவிடத்தில் தலைகீழாகத் திரும்புகின்றனர். அப்பாற் கால்களின் வழியே ஏறுகின்றனர். அங்கிருந்து ஒடுங்கிய குகைவழியொன்று செல்கின்றது. அதன் முடிவில் வட்டமாயதொரு துளை வழியே விண்மீன்களைக் கண்டு இருவரும் வெளிப்படுகின்றனர்.